பாக்கி ஏதும் இல்லை

கரண்ட் பில்லை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள்.

வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, நகக்கண்ணில் அப்பியிருந்த பிளாஸ்டர் மாவைச் சுரண்டிக்கொண்டே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மின் இணைப்பு எண்ணைக் கைபேசியில் ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: 'பாக்கி ஏதும் இல்லை.' எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மறுபடி போட்டாள். கதவு எண் சரி, தெரு சரி, யூனிட் கணக்கும் சரி. அன்று காலையில் பணம் கட்டப்பட்டிருந்தது. காலையில் அவள் பல் செட் செய்யும் லேபில், முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையை மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அக்காவாகத்தான் இருக்கும் என்று போன் போட்டாள்.

"நான் எதுக்குடி கட்டப் போறேன்? இங்க கட்டறதுக்கே உங்க மாமா மூக்கால அழறாரு," என்றாள் அக்கா. "எவனோ நம்பர மாத்திப் போட்டிருப்பான். புண்ணியவான்."

"தப்பில்லையாக்கா? புகார் பண்றதுக்கு ஒரு இடம் இருக்கு இதுல."

"இருந்துட்டுப் போகட்டும். ஓசியில வந்தத ஏன் வம்புக்கு இழுக்கற? அது கெடக்கட்டும், தனியா இருக்க பயமா இல்லையே குட்டி?"

"பயமா? எனக்கா?"

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு போதும். வீட்ட வாடகைக்கு விட்டுட்டு அன்னைக்கே உன்ன இங்க கூட்டிட்டு வந்துடுவேன்."

அதுதான் ஒப்பந்தம். அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவும் தங்கையுமாகவே இருந்தார்கள். அக்காவுக்கு இனிமேல் கல்யாணம் என்று ஒன்று உண்டென்று யாரும் நினைக்காத வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டாள். ஒற்றைப் பெண்ணாக எப்படி இருப்பாய் என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்திருந்தாள் அவள். வாய் தவறி ஒருமுறை பயம் என்று சொன்னால் வீடு கையை விட்டுப் போய்விடும். அப்புறம் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில், தலைமாட்டில் மாமாவின் செய்தி சேனல், ஆயுசு முழுக்க விருந்தாளி. அதற்குப் பேசாமல் செத்துப்போகலாம்.

போனை வைத்த பிறகும் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது. லேபில் அவளிடம் பேசுவதற்கு ஆள் கிடையாது. வாய்கள்தான் வரும், மனிதர்கள் வரமாட்டார்கள். யாருடைய கடைவாய்ப் பல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று தெரியும், அந்த ஆள் எதிரே வந்தால் தெரியாது. அக்கா போன பிறகு அவளுக்காக யாரும் கேட்காமலேயே ஒரு காரியம் செய்தது இதுதான் முதல் தடவை.

"யாருன்னு தெரியல, ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்று வாய்விட்டுச் சொன்னாள். வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் அக்கா பேசுகிற குரலை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டாள். "கண்டிப்பா வீட்டுக்கு வாங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க."

சிரித்தாள். ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. கேலியாகப் பேசினாலும் கேட்க ஆள் இல்லாவிட்டால் அது கேலியாக இருப்பதில்லை. எழுந்து போய்ச் சோற்றைச் சூடு பண்ணினாள்.

முதலில் வெந்நீர். காலையில் குளிக்கப் போனால் ஹீட்டரின் சிவப்பு விளக்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது, குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது, தரை ஈரமாக இருந்தது. ராத்திரி போட்டு மறந்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு ஒரு சாயங்காலம், கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது, அக்காவின் அறையிலிருந்து பழைய ஃபேனின் சத்தம் வந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிற அந்தச் சத்தம். அந்த அறைக்குள் அவள் பெருக்குவதற்குக் கூட வாரம் ஒருதரம்தான் போவாள், ஏனென்றால் அங்கே இருந்தது வெறும் கட்டிலும் சுருட்டிக் கட்டிய மெத்தையும்தான், அவற்றைப் பார்த்தால் அழுகை வரும். எட்டிப் பார்த்தாள். மெத்தை விரித்திருந்தது. நடுவில் லேசாகப் பள்ளம். சவரக் களிம்பும் ஈரத் துண்டும் கலந்த ஒரு மணம், அப்பா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இல்லாத மணம், ஜன்னல் சாத்திய அறையில் தேங்கி நின்றது.

அலமாரியில் இஸ்திரிப் பெட்டி. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

வாசல் பூட்டை மாற்றினாள். கடைக்காரர் தந்த சாவிகள் எல்லாவற்றையும் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மறுநாள் திரும்பி வந்தபோதும் பெட்டி சூடாகவே இருந்தது, காய்ந்த துணியின் வாசனை கூடம் வரை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் அது அக்கா காதுக்குப் போகும். தானே செய்துவிட்டுத் தானே மறந்துபோகிறோமோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள், ஆனால் அவளுக்குச் சவரம் செய்துகொள்ளும் பழக்கம் கிடையாது.

வாசல் சுவரில் மீட்டர் இருந்தது. அதில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி, உள்ளே கரண்ட் ஓடினால் வேகமாகவும் ஓடாவிட்டால் மெதுவாகவும் மினுக்கும். இப்போதெல்லாம் அவள் திரும்பி வரும் நேரத்தில் அது படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்புவாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு புள்ளி மெதுவாகும். கதவைத் திறந்தால் எல்லா விளக்கும் அணைந்திருக்கும், எல்லா ஸ்விட்சும் மேலே தூக்கியிருக்கும், உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல வீடு இருக்கும்.

அடுத்த பில்லுக்கு வழக்கமாக வரும் குறுஞ்செய்தி வரவில்லை. அவளாகவே போய்ப் பார்த்தாள். யூனிட் இரட்டிப்பாகியிருந்தது. கீழே பச்சை எழுத்து.

பாக்கி ஏதும் இல்லை.

லேபில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மின்சாமான் கடையில் வாங்கி வைத்திருந்த எலக்ட்ரீஷியனின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். லைனில் ஏதாவது கோளாறு இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே தெருவையும் கதவு எண்ணையும் சொன்னாள்.

"அந்த வீடா? நேத்துதானே மேடம் வந்து பாத்துட்டுப் போனேன்."

"யாரு கூப்பிட்டா?"

"சார்தான். கதவத் தெறந்து விட்டு, ஏணியப் புடிச்சு, டீ கூடப் போட்டுக் குடுத்தாரு. தங்கமான மனுஷன்."

"எந்த சாருண்ணா?"

"வீட்டுக்கார சாரு மேடம். 'நான் ஒண்டிக்கட்ட, காலைல போனா பொழுது சாஞ்சுதான் வரேன், எனக்கு எதுக்குய்யா இவ்ளோ யூனிட்டு'ன்னு கேட்டாரு. எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன், லைன் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அவரு மூஞ்சியே சரியில்ல. பாவம், பயந்து போயிருக்காரு. ஆமா, நீங்க யாரு மேடம் பேசறது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டு கேட்டில் வெகுநேரம் நின்றாள். மழை பிடித்துக்கொண்டு, சாயங்காலமே இருட்டிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அத்தோடு மடக்குக் கட்டிலும் வந்தது. இவன் யாரோ திருட்டுப் பயல், மின் கணக்கைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு ஆட்டம் காட்டுகிறான், கணக்கை மீட்டு அடுத்த பில்லுக்கு முன்பணத்தையும் நாமே கட்டிவிட்டால் வீடும் நம்முடையதாகிவிடும் என்று தோன்றியது. பயந்த மனசு போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

உள்ளே போனாள். கூடத்தில் யாரும் இல்லை. அக்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கவில்லை. தன் அறைக்குப் போய் விளக்கைப் போட்டு, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கதவைத் தாழிட எழுந்தவள் தாழிடாமலே திரும்பினாள். மூடிவிட்டால் வெளியே என்ன நடக்கிறது என்று கேட்காது, கேட்காமல் இருப்பது இன்னும் மோசம். ஓட்டின் மேல் மழை. கூரைத் தண்ணீர் வாளியில் விழும் சத்தம். ஈரச் சுண்ணாம்பின் வாடை. கைபேசியில் கணக்கை மீட்கும் பக்கத்தைத் திறந்து, இணைப்பு எண்ணைத் தட்டினாள்.

வட்டம் சுற்றியது.

'பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.'

கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. அவை அவளுடைய எண்ணின் இலக்கங்கள் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் அறையில், ஒரு கைபேசி டிங் என்றது.

மழைச் சத்தம்தான். தெருவில் போகிற யாருடையதோதான். மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினாள்.

டிங்.

கட்டில் முனகியது. மெத்தையிலிருந்து ஒரு உடம்பு எழுந்திருக்கும்போது வருகிற முனகல். கால் செருப்பைத் தேடித் துழாவியது. மாட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. அந்த அறைக் கதவு.

காலடி. நின்றது. மறுபடி காலடி.

அவள் கால்களைக் கட்டிலின் மேல் இழுத்துக்கொண்டாள்.

பாதி திறந்திருந்த கதவின் இடுக்கில் ஒரு கை நுழைந்தது. கை மட்டும். மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. சுத்தமாக வெட்டிய நகங்கள். சுவரைத் தடவவே இல்லை. பழகிய கை. நேராக ஸ்விட்சுக்குப் போனது.

"நான் இருக்கேன்," என்றாள்.

கை அப்படியே நின்றது. மணிக்கட்டில் இருந்த மயிர்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழுவதை அவள் பார்த்தாள்.

"ஆளில்லாத ரூம்ல எதுக்கு லைட்டு எரியுது," என்றது ஒரு ஆண் குரல். யாரையும் கேட்கவில்லை. இருட்டில் நடக்கிறவர்கள் தைரியத்துக்குத் தமக்குத்தாமே பேசிக்கொள்வார்களே, அப்படி.

விளக்கு அணைந்தது.

கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புக் கால்கள் ஓடின.

அவள் கதவை இழுத்தாள். திறக்கவில்லை. கத்தினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் அக்காவின் எண்ணைத் தேடி அழுத்தினாள். பயமா இருக்குக்கா. சொல்லிவிடலாம். வீடு போனால் போகட்டும். பயமா இருக்குக்கா, வந்து கூட்டிட்டுப் போ.

நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.

மறுபடி. வேறொரு அழைப்பில். மறுபடி.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல். எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும்.

"ஏன்டா குரல் இப்படி இருக்கு? சாப்பிட்டியாடா?"

ஆண் குரல் என்னவோ சொன்னது. அழுதது போல இருந்தது.

"அழாதடா. பயமா இருந்தா கெளம்பி வந்துடு. கூடப் பொறந்ததுன்னு எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தானே."

அவள் சுவரை அறைந்தாள். இரண்டு கைகளாலும் அறைந்தாள். அக்கா, அக்கா என்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள். பிளாஸ்டர் மாவு ஒட்டிய உள்ளங்கைகள் சுவரில் மறுபடி மறுபடி விழுந்தன.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"இப்ப கேட்டுச்சாக்கா?" என்றது ஆண் குரல்.

மழை பெய்தது.

"கேட்டுச்சுடா," என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கியது.