குடும்பப் பார்வை

ப்ராக் நகரத்தின் பழைய கோட்டை வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவது அன்றாட வழக்கம். அம்பலவாணனுக்கும் மாட்டினார்கள். அவர் மனைவி குணவதியின் முறை வந்தபோது அவள் ஏற்கெனவே கண்களை இறுக மூடியிருந்தாள்.

மனிதர் பார்க்கப் பார்க்கக் கல் தேய்கிறது என்று விஞ்ஞானிகள் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வெனிஸில் ஒரு பாலம் ஒரே கோடையில் வடக்கயிறு கனத்துக்கு இளைத்த பிறகுதான் உலகம் நம்பியது. இவர்கள் ஊரான பாளையங்கோட்டையில் மட்டும் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. புது வீட்டுக்குப் பூசணிக்காய் கட்டுகிற ஊர். அன்றிலிருந்து பழைய நகரங்களில் பார்வைக்கு ரேஷன். கண்ணாடியில் பார்வைமானி என்றொரு சென்சார் இருக்கும். பங்கு தீர்ந்தால் இருட்டு. வெளியேறும் வரை கழற்றவும் முடியாது. ஆயுளுக்கும் மறு அனுமதி கிடையாது.

அம்பலவாணன் வாங்கியது குடும்பச் சீட்டு. இருவருக்கும் பொதுவாக ஒரே பங்கு.

குணவதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சதுக்கத்து வானியல் கடிகாரம். சூரியனும் சந்திரனும் அதில் எப்படி ஓடுகின்றன என்று பணிக்காலம் முழுக்கக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள், நேரில் பார்த்ததில்லை. அதற்காகவே பார்வையை மிச்சம் பிடித்து, கணவரின் முழங்கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள்.

"படி இருக்கு, பாத்து வா."

"நான் எங்க பாக்க? நீங்கதான் பாக்கணும். அதுக்குன்னு எல்லாத்தையும் வாய் பொளந்து பாக்காதிய."

"காலு வைக்கத்தான் பாக்கேன்."

கால் வைக்கப் பார்த்தவர், சாக்கடை மூடியை நம்மூர் மூடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓட்டல் பலகைகளில் தோசை உண்டா என்று பார்த்தார். குரங்குக் குல்லா போட்ட ஒருவர் தமிழரா என்று தீர்மானிக்க, ஒரு தெரு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டு போனார். தமிழர்தான். இருவரும் கண்டுகொள்ளாத மாதிரி விலகிக்கொண்டார்கள். கண்ணாடி ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கியது. பேட்டரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சதுக்கத்துக்குள் நுழைந்தார்கள்.

"வந்தாச்சு குணா. கண்ணைத் தெற!"

மணி அடிக்கத் தொடங்கியது. சுற்றிலும் நின்றவர்கள் "ஆ" என்றார்கள். அந்த நொடியில் அம்பலவாணனுக்கு எல்லாம் இருண்டது.

"என்னங்க, ஒண்ணுந் தெரியலியே. மூடி எதுவும் கழட்டணுமா?"

"கூட்டம் மறைக்குது."

"கூட்டம் இவ்வளவு கறுப்பாவா இருக்கும்?"

மணி அடித்து ஓய்ந்தது. கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

"தீந்துபோச்சா?"

"ம்."

அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

"சரி, போவுது. காலையிலேருந்து நமக்குச் சேத்து நீங்கதான பாத்திய. அதைச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

"பெரிய கோபுரம் ஒண்ணு..."

"என்ன நிறம்?"

சாக்கடை மூடி ஞாபகம் வந்தது. குல்லாவின் குஞ்சம்கூட வந்தது. கோபுரம் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. அப்படியே நிற்க விட்டுவிடுவாள்.

அம்பலவாணன் நின்றுகொண்டிருந்தார்.