இரண்டு தட்டு, எட்டு விநாடி

சகாயராஜின் மேல்முறையீட்டுக்கு இன்னும் நான்கே நாள்தான் இருந்தது. பரிமளா அவருடைய நாட்பேழையைப் பிரித்து மேசைமேல் போட்டுக்கொண்டு அந்த எட்டு விநாடியை நூறாவது தடவையாக ஓட்டிப் பார்த்தாள். சிக்னலில் சிவப்பு எரிகிறது. பேருந்து நிற்கிறது. அடுத்த காட்சியில் பேருந்து சிக்னலைத் தாண்டியிருக்கிறது, சைக்கிள்காரர் தரையில் கிடக்கிறார்.

தீப்பெட்டி அளவில் எல்லார் நெஞ்சிலும் தொங்கும் நாட்பேழை, நடப்பதை எல்லாம் எட்டு எட்டு விநாடி ஏடுகளாகப் பதிந்துகொண்டே இருக்கும். பேழையில் இல்லாதது நடக்கவே இல்லை என்று சட்டமே போட்டாயிற்று. பேழையை உள்ளிருந்து இயக்கும் கருநிரலை எழுதிய ஏழு பேரில் பரிமளாவும் ஒருத்தி. அதனால்தான் சிறைக்கே போய் அவரை நேரில் விசாரித்தாள்.

"நான் பச்சையப் பாத்துட்டுத்தாம்மா எடுத்தேன்," என்றார் சகாயராஜ். "இருவத்திரெண்டு வருசமா டவுன் பஸ் ஓட்டுதேன். சிவப்புல எஞ்சின அணைச்சுட்டு நிப்பேன், பச்சை விழுந்ததும் பேழைய ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் கியரையே தொடுவேன்."

"தட்டினீங்களா?"

"எல்லா டிரைவரும் தட்டுவோம்லா! நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணுமே. ஏழு வருசம் போட்டுருக்காங்கம்மா. மக கல்யாணத்துக்குக்கூட இருக்க மாட்டேன் போல."

இரண்டு தட்டு தட்டினால், அந்தக் கணத்தை உடனே பத்திரமாக எழுது என்று பேழைக்கு அர்த்தம். தாலியைக் கையில் எடுத்ததும், கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே மண்டபமே தட்டும். குழந்தை முதல் அடி வைத்தால் வீடே தட்டும். தாலி கட்டிய ஏடு காணோம், அதற்கு முந்தைய ஏடே மறுபடி ஓடுகிறது என்று எத்தனையோ புகார்கள் வந்தன. தட்டத் தெரியாதவர்கள் என்று அலுவலகத்தில் சிரித்து ஒதுக்கினார்கள். பரிமளாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சோதனைப் பேழை ஒன்றில் ஏடுகளுக்கு வரிசையாக எண் போட்டு, மின்கலத்தில் ஓடும் இயந்திரக் கையால் பத்தாயிரம் தடவை தட்டவிட்டாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்றாம் நாள் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. அறை 'கப்'பென்று அடங்கியது. அடுத்த தட்டில், அன்றைய வரிசையில் நாற்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் நாற்பது!

அட, இதுதானா! மின்கலத்தை மிச்சம் பிடிக்க, சுற்றிலும் சத்தம் அடங்கும் கணம் பார்த்துத்தான் பேழை எழுதும். அது பரிமளாவின் யோசனை. அதற்காகப் பரிசுகூட வாங்கினாள். ஆனால் மனிதர்களும் அதே கணத்தில்தான் தட்டுகிறார்கள், பெரிய காரியத்துக்கு முன்னால் எல்லாரும் வாயை மூடும்போது.

நீதிமன்றத்தில் அவள் அதை இப்படிச் சொன்னாள்: "ஒருத்தர் துணி துவைச்சு முடிச்சு, வாளியில 'துவைச்சாச்சு'ன்னு சீட்டு ஒட்டப் போறார். அந்த நேரம் பாத்து இன்னொருத்தர் அழுக்குச் சட்டையைப் போட்டுட்டுப் போறார். சீட்டு ஒட்டியாச்சு, சட்டையைத் துவைக்க ஆளில்ல. தட்டின ஏடும் அப்படித்தான் எழுதாமலே போகுது ஐயா. அந்த இடத்துல முந்தின ஏடே நிக்கும். அவருக்கு முந்தின ஏடு சிவப்பு."

சோதனைப் பேழையில் ஆறு தடவை செய்து காட்டினாள். ஆறு தடவையும் பிசகியது.

நீதிபதி சிவகடாட்சம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா விளங்குதும்மா," என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார்.

"சகாயராஜ் குற்றவாளி என்று கீழ்நீதிமன்றம் முடிவு செய்தது."

மன்றம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நீதிபதி தன் பேழையை இரண்டு தட்டு தட்டினார்.

"அது ரத்து. விடுதலை."

சகாயராஜ் 'ஓ'வென்று அழுதார். பரிமளாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

தீர்ப்பு செல்லுபடியாக வேண்டுமென்றால் நீதிபதியின் பேழையை அங்கேயே ஓட்டிக் காட்ட வேண்டும். எழுத்தர் ஓட்டினார்.

"சகாயராஜ் குற்றவாளி என்று கீழ்நீதிமன்றம் முடிவு செய்தது," என்றது பேழை. பிறகு மறுபடியும் அதையே சொன்னது. அதன்பின் அழுகைச் சத்தம்தான் இருந்தது.

எழுத்தரின் பேழையை ஓட்டினார்கள். வக்கீல்களுடையதை, காவலர்களுடையதை, கடைசி வரிசைக்காரருடையதை எல்லாம் ஓட்டினார்கள். அத்தனை பேரும் தட்டியிருந்தார்கள். பழுது கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது; அதை ஏற்றுக்கொண்ட தீர்ப்புதான் எந்தப் பேழையிலும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லிடுங்க ஐயா," என்று பரிமளா கெஞ்சினாள்.

"மேல்முறையீட்டுக்கு ஒரே தீர்ப்புதான்மா. ரெண்டாவது தடவை சொல்ல எனக்கே அதிகாரம் இல்ல." அவர் முகம் வெளிறியிருந்தது. "நான் சொன்னதை நானே காதால கேட்டேன். காதால கேட்டதுதான் செல்லாதுன்னு ஆக்கிட்டோமே."

காவலர் சகாயராஜின் தோளைத் தொட்டார். சகாயராஜ் நகரவில்லை. பரிமளாவைத்தான் பார்த்தார்.

"அம்மா, நீங்களாவது தட்டாம இருந்தீங்களா?"

பரிமளா குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு விரல்கள் இன்னும் பேழையின் மேலேயே இருந்தன.