சாய்ந்த விமானமும் தாய்லாக் மாமாவும்

விமானம் நல்லபடியாகத்தான் தரையிறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். கோக்சாய் ஊரின் ஓடுதளம் சின்னது. அதன் கடைசி வரை ஓடி, திரும்பி வந்துதான் நிற்க வேண்டும். அப்படித் திரும்பும்போதுதான் அது நடந்தது.

தடக்கென்று ஒரு குலுக்கல். இடப்பக்கச் சக்கரம் தார்ப்பாதையை விட்டு இறங்கி, பனி உருகி ஊறியிருந்த சேற்றுக்குள் புதைந்துவிட்டது. விமானம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

பத்து வயது பேகிமாய் இடப்பக்க ஜன்னலோரம் இருந்தாள். முன்பு தூரத்தில் தெரிந்த புல் இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

யாருக்கும் அடியில்லை என்றும், பைகளை விட்டுவிட்டு ஒவ்வொருவராக இறங்க வேண்டும் என்றும் விமானி ஒலிபெருக்கியில் சொன்னார். படிக்கட்டு வண்டி சேற்றில் வர முடியாததால், தீயணைப்பு வண்டியின் ஏணியைக் கழற்றித் தூக்கி வந்து கதவில் சாத்தினார்கள். கைக்குழந்தைக்காரர்கள் முதலில். முன்வரிசையில் தம்பியோடு இருந்த அம்மா, "பின்னாலேயே வந்துடு, பேகிம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வருவதற்கு வழி வேண்டுமே? பக்கத்து இருக்கையை அடைத்துக்கொண்டு தாய்லாக் இருந்தார். அவர் மல்யுத்த வீரர். வெளிநாட்டில் வெள்ளிப் பதக்கம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவரை வரவேற்கப் பள்ளிப் பிள்ளைகள் பூவோடு வேலிக்கு அப்பால் காத்திருந்தார்கள். அவரோ கண்ணை மூடிக்கொண்டு தூங்கினார்.

பேகிமாய் கூப்பிட்டுப் பார்த்தாள். அசைவில்லை. ஆனால் இமைகள் துடித்தன. இருக்கையின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. தூங்குகிறவர் யாராவது இப்படிப் பிடிப்பார்களா?

மற்ற பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். பணிப்பெண் கதவருகே நின்று, ஏன் தாமதம் என்று கேட்டாள். இதோ வருகிறோம் என்று பேகிமாயே பதில் சொன்னாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"மாமா, நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பாப்பா, என் எடை நூத்தி இருபது கிலோ. ஏற்கெனவே சாஞ்சு நிக்குது. நான் அசைஞ்சா இது கவுந்துடும்."

பேகிமாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் நெற்றியில் வேர்வை வழிவதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பயம் பெரியவர்களுக்கும் இவ்வளவு இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மாமா, விமானம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"இந்தப் பக்கம்."

"நாம எந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்?"

"இந்தப் பக்கந்தான்."

"அப்போ நீங்க எழுந்து நடுவுல போனா, இந்தப் பக்கம் பாரம் குறையத்தானே செய்யும்?"

தாய்லாக் இரண்டு கண்களையும் திறந்தார். உதடு அசைய என்னமோ கணக்குப் போட்டார். "அட, ஆமா" என்றார். அவர் மெதுவாக எழுந்தார். விமானம் கவிழவில்லை, லேசாக முனகியதோடு சரி. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கதவு வரை வந்தார்கள்.

ஏணியைப் பார்த்ததும் இப்போது பேகிமாய்தான் பயந்து கதவோரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மெதுவா வா. கீழே நான் இருக்கேன்ல" என்றார் தாய்லாக். அவர் முதலில் இறங்கி, இரண்டு கையாலும் ஏணியை அணைத்துப் பிடித்தார். அந்தப் பிடிக்குள் ஏணி துளியும் ஆடவில்லை. பேகிமாய் ஒவ்வொரு படியாக இறங்கி, சேற்றில் காலை வைத்தாள். அம்மா ஓடி வந்து, தம்பியையும் அவளையும் சேர்த்தே கட்டிக்கொண்டாள். அம்மாவின் அணைப்புக்குள் வந்த பிறகுதான் பேகிமாய்க்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் உடம்பு பஞ்சுபோல லேசாகிவிட்டது.

அதற்குள் வேலியைத் தாண்டி ஓடி வந்த பிள்ளைகள் தாய்லாக்கைச் சூழ்ந்துவிட்டார்கள். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டிகளை ஒரு துணி நிறையக் கொட்டிக் கொடுத்தார்கள். காது நீண்ட பையன் ஒருவன், விமானம் சாய்ந்தபோது மாமாவுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டான்.

பேகிமாய் வாயை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தாய்லாக் அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பயந்தேன்டா. கை காலெல்லாம் விறைச்சுப்போச்சு. அதோ, அந்தப் பொண்ணுதான் என்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்துச்சு."

பையன் நம்பவில்லை. மாமா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். தாய்லாக் அதைப் பொருட்படுத்தாமல் பேகிமாயிடம் வந்து, துணியை விரித்து, முதல் ரொட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள்.